உணவு இடைவேளையில் நடந்த வகுப்பு

இயற்பியலில் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் வேதியியல் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பதவியின் பெயர் செய்முறை விளக்குநர். பேராசிரியரின் சொற்பொழிவுக்கும் மாணவரின் சோதனைக் குழாய்க்கும் நடுவே நிற்கிற அந்தப் பணிக்கு ஊதியமும் குறைவு, மதிப்பும் குறைவு. இடம், சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அக்கல்லூரி தாம்பரத்துக்கு இடம் பெயர்வதற்கு முன், ஜார்ஜ் டவுனில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இயங்கிவந்த காலம் அது. முதல் உலகப் போர் ஓய்ந்த சமயம்.

மதிய உணவு இடைவேளையில் அந்த இளைஞரைச் சுற்றி மாணவர்கள் கூடத் தொடங்கினார்கள். இயற்பியலிலோ வேதியியலிலோ கணிதத்திலோ எந்த ஐயத்தையும் அவரிடம் கேட்கலாம். பாடத்திட்டத்தில் உள்ளதா என்று அவர் பார்ப்பதில்லை. கேட்பவர் எந்த வகுப்பு என்றும் பார்ப்பதில்லை. செய்தி பரவி, பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். வருகைப் பதிவேடும் மதிப்பெண்ணும் இல்லாத ஒரு வகுப்புக்குப் பசியைப் பொறுத்துக்கொண்டு மாணவர்கள் வந்தார்கள் என்பதுதான் இதில் வியப்பு. அந்த விளக்குநர் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். பின்னாளில் சர் கே.எஸ்.கிருஷ்ணன்.

ராமன் விளைவைப் பற்றிப் பேசும்போது இரண்டாவது பெயராக மட்டும் அவரைக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்து செல்வது நம் வழக்கமாகிவிட்டது. கோவில்பட்டி வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தியவன் நான். எனக்கு அவர் முதன்மையாக ஒரு வேதியியல் செய்முறை விளக்குநர். அவருடைய பிற்கால ஆய்வுகள் அனைத்திலும் அந்தக் கையைப் பார்க்க முடியும் என்பது என் எண்ணம். அதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

கிருஷ்ணன் பிறந்தது 1898 டிசம்பர் 4, வத்திராயிருப்பில். கோவில்பட்டியிலிருந்து சாத்தூர், சிவகாசி, திருவில்லிபுத்தூர் வழியாக மேற்கே போய்க்கொண்டே இருந்தால், கரிசல் மெல்லமெல்ல நிறம் மாறி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நெல்வயல்களுக்கு நடுவே அந்த ஊர் வரும். கறாராகச் சொன்னால் அவர் கரிசல்காரர் அல்லர். கரிசலின் விளிம்பில் பிறந்தவர். ஆனால் அவர் பிறந்த நாளில் வத்திராயிருப்பும் கோவில்பட்டியும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. ராமநாதபுரம் மாவட்டம் 1910இல் உருவானபோதுதான் கோடு குறுக்கே விழுந்தது. இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணனையும் கு.அழகிரிசாமியையும் கொண்டு இந்த நிலத்தின் இலக்கியப் பெருமையைப் பேசுகிற நாம், இதே வட்டாரத்திலிருந்து கிளம்பிய அறிவியல் பெருமையைப் போதிய அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை.

தந்தையார் வேளாண்மை செய்தவர்; தமிழிலும் வடமொழியிலும் தோய்ந்தவர். அந்தத் தோய்வு மகனுக்கும் வந்து கடைசிவரை இருந்தது. திருவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது வாய்த்த ஆசிரியர் ஒருவரைப் பற்றிப் பிற்காலத்தில் கிருஷ்ணன் நன்றியோடு எழுதியிருக்கிறார். அந்த ஆசிரியர் தொழில்முறை விஞ்ஞானி அல்லர். ஆனால் எடுத்த பொருளைத் தெளிவாகவும் சுவையாகவும் விளக்கி, இன்னும் சொல்லுங்கள் என்று மாணவர்களைக் கேட்க வைக்கும் திறம் அவரிடம் இருந்தது. இயற்பியல், புவியியல், வேதியியல் என்று அவருடைய பாடம் எல்லை பாராமல் ஓடும். வகுப்பறையோடு நிற்காது, மாணவர்களை வெளியே அழைத்துப்போய் இயற்கையைக் காட்டுவார், ஆய்வகத்தில் எளிய சோதனைகளைச் செய்யவைப்பார். ஒரு சிற்றூர்ப் பள்ளியில், நூறாண்டுக்கு முன்னர், உயர்கல்வியின் வாசற்படி வரை ஒரு சிறுவனைக் கொண்டுபோய் நிறுத்த இது போதுமானதாக இருந்தது.

அக்காலத்தில் பள்ளி இறுதித் தேர்வு முடித்தவர்கள் கல்லூரிக்குப் போய் இரண்டாண்டு இடைநிலை வகுப்பு படித்த பிறகே பட்டப் படிப்பில் சேர முடியும். உப்புகளின் பகுப்பாய்வும் அணுவெடைக் கணக்குகளும் கல்லூரிச் சுவருக்கு உள்ளே இருந்தன. திருவில்லிபுத்தூர்ச் சிறுவனுக்கு மிக அருகில் இருந்த பெரிய கல்லூரி மதுரை அமெரிக்கன் கல்லூரி. அங்கே படித்துவிட்டுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். இப்படி ஊர்விட்டு ஊர் போகும் வசதி எத்தனை வீடுகளுக்கு இருந்தது என்று கேட்டால், கரிசலில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் சுவர் இடம் பெயர்ந்தது 1978இல். அவ்வாண்டு தமிழ்நாட்டில் புகுமுக வகுப்பு கல்லூரிகளிலிருந்து எடுக்கப்பட்டு, மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. கல்லூரி வேதியியல் உயர்நிலைப் பள்ளியின் ஓட்டுக் கட்டடத்துக்குள் வந்து இறங்கியது என்று சொன்னால் மிகையில்லை. அமெரிக்காவில் 1950களிலேயே, தேர்ந்தெடுத்த பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்துப் பாடங்களைப் பள்ளியிலேயே படித்துத் தேர்வெழுதும் ஏற்பாடு தொடங்கிவிட்டது. இன்றும் அங்கே அது விரும்புவோர் எடுக்கும் ஒன்று. இங்கே நடந்தது வேறு. அறிவியல் பிரிவை எடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கட்டாயமாயிற்று. அந்த முதல் அணியில் நானும் ஒருவன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்த அறையே எங்களுக்கு ஆய்வகமாயிற்று. நீண்ட மேசை வந்த பிறகு பல மாதங்கள் கழித்துத்தான் அமிலக் குப்பிகள் வந்தன.

பாடம் கடினமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் எங்களுக்கு வாய்ப்பாவது இருந்தது. என்னோடு எட்டாம் வகுப்புவரை படித்தவர்களில் பலர் அதற்குள் தீப்பெட்டி ஆலைகளுக்குப் போய்விட்டார்கள். விடியுமுன் கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஒலி எழுப்பும். பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஏறிப் போவார்கள். பெண்பிள்ளைகள்தாம் அதிகம். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது என்று அவர்கள் நாள் கழிந்தது. நாங்கள் மேல்நிலை வகுப்பில் பொட்டாசியம் குளோரேட்டுடன் மாங்கனீசு டையாக்சைடைக் கலந்து சூடேற்றி ஆக்சிஜன் தயாரிப்பதைப் படித்துக்கொண்டிருந்தபோது, அதே பொட்டாசியம் குளோரேட்டு எங்கள் வயதுப் பிள்ளைகளின் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. ஊரில் அதற்கு மருந்து என்று பெயர். குச்சியின் தலையில் குளோரேட்டும் கந்தகமும் வச்சிரமும். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். உரசும்போது சிறிதளவு பாஸ்பரஸ் குளோரேட்டைச் சந்தித்துத் தீப்பற்ற, குளோரேட்டு தன்னிடமுள்ள ஆக்சிஜனை விட, குச்சி எரிகிறது. இவ்வளவுதான் செய்தி. இதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை.

இந்தத் தீப்பெட்டித் தொழிலும் கிருஷ்ணனும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே நகரத்துக்குப் போய் வந்தவர்கள் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்கக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். கற்றுக்கொண்டு மறு ஆண்டு ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். அதுவே பிறகு சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி, மழை பொய்த்த இந்த மானாவாரிப் பூமிக்கு மறுவாழ்வு தந்தது. அவர்களுக்குச் சற்று முன்பாக, 1920ஆம் ஆண்டை ஒட்டி, சி.வி.ராமனிடம் படிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு கிருஷ்ணனும் அதே கல்கத்தாவுக்குப் போயிருந்தார். மூவரும் அங்கே சந்தித்தார்களோ இல்லையோ, அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் ஒரே நகரத்தில் இரு வேறு வேதியியல்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒன்று வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. மற்றொன்று இன்னும் வந்துசேரவில்லை.

கிருஷ்ணன் 1923இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனின் ஆய்வு உதவியாளரானார். அங்கே அவர் செய்த முதல் பெரிய வேலையைக் கேட்டால் வேதியியல் ஆசிரியருக்கு மனம் குளிரும். திரவங்களில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்று அறிய, 60க்கும் மேற்பட்ட திரவங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் திரவத்தில் ஒரு தூசி இருந்தாலும் அது சிதறடிக்கும் ஒளி, மூலக்கூறுகள் சிதறடிக்கும் மங்கிய ஒளியை மூழ்கடித்துவிடும். எனவே காற்று அகற்றிய மூடிய கண்ணாடிக் குமிழ்களில் திரவத்தை மெதுவாக, மிக மெதுவாக, மறுபடி மறுபடி வாலைவடிக்க வேண்டும். தூசி பின்தங்கிவிடும், தூய திரவம் மட்டும் மறுபக்கம் சேரும். அவசரப்பட்டால் கொதித்துத் தெறித்துத் தூசியும் கூடவே வந்துவிடும். பள்ளி ஆய்வகத்தில் வாலைவடித்தலைக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு இந்தப் பொறுமையின் விலை தெரியும்.

அந்தத் தூய்மைதான் ராமன் விளைவுக்கு வழிவிட்டது. 1928 ஜனவரியில் வெங்கடேஸ்வரன் என்ற உடன் ஆய்வாளர், தூய கிளிசரினில் சிதறிய சூரிய ஒளி வழக்கமான நீலமாக இல்லாமல் பச்சையாகத் தெரிவதைக் கண்டார். சிதறிய ஒளியில் புதிய நிறம் எப்படி வரும்? அசுத்தத்தின் ஒளிர்வாக இருக்கலாம் என்று யாரும் எளிதில் சொல்லிவிடலாம். அந்த வாயை அடைக்க வேண்டுமானால் ஐயத்துக்கு இடமில்லாத தூய்மையுள்ள பல திரவங்கள் வேண்டும். கோட்பாட்டு வேலைகளில் மூழ்கியிருந்த கிருஷ்ணனை ராமன் பிப்ரவரித் தொடக்கத்தில் மறுபடி ஆய்வுக் கருவிகளுக்கு அழைத்தார். திரவத்துக்குத் திரவம், பிறகு ஆவிகளிலும், அதே மாறிய நிறம் தெரிந்தது. சூரிய ஒளியும் வடிகட்டும் கண்ணாடிகளும் மனிதக் கண்ணுமே பெரும்பாலும் அவர்களுடைய கருவிகள். அன்றாட நிகழ்ச்சிகளைக் கிருஷ்ணன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்த மாதத்தின் வரலாறு நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிய அதுவும் ஒரு காரணம். பிப்ரவரி 28 நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடும் நாளாயிற்று. மார்ச் 31 தேதியிட்ட நேச்சர் இதழில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் அறிவிப்பு வந்தது.

நோபல் பரிசு 1930இல் ராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. இதைப் பற்றி வழக்காடுவதில் நம்மில் சிலருக்கு இன்றும் அலாதி இன்பம். நான் அதற்குள் போகப் போவதில்லை. கிருஷ்ணனே போகவில்லை. பரிசு அறிவிக்கப்படுவதற்கு முன்பே, 1928 இறுதியில், அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தார். அங்கே ஒளியை விட்டுப் படிகங்களிடம் திரும்பியிருந்தார். அவருடைய சொந்தப் புகழ் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

டாக்காவில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஒரு படிகத்தைக் காந்தப் புலத்தில் வைத்தால், எல்லாத் திசையிலும் அது ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா? இல்லை என்றால், அந்த வேறுபாட்டிலிருந்து படிகத்துக்குள்ளே மூலக்கூறுகள் எப்படிப் படுத்திருக்கின்றன என்று சொல்ல முடியுமா? ஒரு சின்னஞ்சிறு படிகத்தை முடியினும் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டார். காந்தப் புலத்தில் படிகம் தனக்குப் பிடித்த திசையில் நிற்கும். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாகத் திருகிக்கொண்டே போனால், படிகம் ஒரு கட்டம்வரை அடம்பிடித்துவிட்டுச் சட்டென்று சுழன்றுவிடும். எவ்வளவு திருகியபோது அது நடந்தது என்பதே அளவு. உயர்விலைக் கருவி எதுவும் வேண்டியதில்லை. குறுக்கே தடைகள் இல்லாத ஒரு காந்தமும், இழையும், நடுங்காத கையும் போதும். இவ்வளவு எளிய ஏற்பாட்டை இவ்வளவு ஆழமான கேள்விக்குப் பொருத்தியதைத்தான் நான் மேதைமை என்பேன்.

நாப்தலீனை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டு அலமாரியில் துணிகளுக்கு இடையே போட்டுவைக்கும் பூச்சி உருண்டைதான். அதன் மூலக்கூறில் இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிக் கிடக்கின்றன, ஆந்த்ரசீனில் மூன்று. அந்த வளையங்களின் தளத்துக்குச் செங்குத்தாக எதிர்காந்தத் தன்மை மிக அதிகம், தளத்தின் வழியே குறைவு. ஆகவே படிகத்தின் காந்தத்தை வெவ்வேறு திசைகளில் அளந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தட்டுகள் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்று கணக்கிட்டுவிடலாம். எக்ஸ் கதிர்களைக் கொண்டு மேலைநாட்டில் கண்டதை, இவர் காந்தத்தையும் இழையையும் கொண்டு கண்டார். எக்ஸ் கதிர்ப் படிகவியலில் பெயர்பெற்ற கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் 1936இல் இதுபற்றிக் கூட்டாக ஒரு கட்டுரையே எழுதினார்கள்.

அடுத்தது மயில்துத்தம். கரிசல்காட்டு விவசாயிக்கு அது சுண்ணாம்போடு கலந்து பயிருக்கு அடிக்கும் மருந்து. மேல்நிலை மாணவனுக்குச் செய்முறைத் தேர்வில் வரும் நீல உப்பு, நீரேறிய தாமிர சல்பேட்டு. ஒரு மூலக்கூறுக்கு ஐந்து நீர். அவற்றுள் நான்கு தாமிர அயனியைச் சூழ்ந்திருக்க, ஐந்தாவது தள்ளி நிற்கிறது. சூடேற்றினால் நீர் போய் நிறமும் போகிறது. ஒரு சொட்டு நீர் விட்டால் மறுபடி நீலம். இவ்வளவும் நாங்கள் நடத்துவதுதான். கிருஷ்ணனும் அவருடைய மாணவர் முகர்ஜியும் இந்தப் படிகத்தைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, தாமிர அயனியைச் சுற்றி அண்டை அணுக்கள் அமைந்திருக்கும் விதத்துக்கும் அதன் காந்தப் பண்புக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டினார்கள். இன்று பன்னிரண்டாம் வகுப்பில் அணைவுச் சேர்மங்கள் என்ற பாடத்தில் படிகப் புலக் கொள்கை வருகிறது. மாணவர்கள் அஞ்சுகிற பகுதி. அந்தக் கொள்கை இளமையாக இருந்தபோது, அது சரியா தவறா என்று உரசிப் பார்க்க உதவிய அளவீடுகளில் இங்கிருந்து போன இந்த மனிதருடைய அளவீடுகளும் அடக்கம். வகுப்பில் இதைச் சொன்ன ஆண்டுகளில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வத்திராயிருப்புக்குக் கல்யாணத்துக்குப் போய்வந்த பையன்கள் எங்கள் வகுப்பில் எப்போதும் இருவர் மூவர் இருப்பார்கள்.

1933இல் கல்கத்தாவுக்கே திரும்பி, தாம் முன்பு உதவியாளராக இருந்த கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். கிராஃபைட்டு பற்றிய ஆய்வுகள் அங்கே நடந்தன. பென்சிலின் கரிக்கோலில் இருக்கும் அந்தப் பொருள், அடுக்கடுக்கான தாள்களால் ஆனது. தாளின் வழியே மின்சாரம் எளிதாக ஓடும். தாளுக்குத் தாள் குறுக்கே தாவத் தயங்கும். அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று அவரும் கங்குலியும் அளந்து காட்டினார்கள். அந்த அடுக்கிலிருந்து ஒற்றைத் தாளை உரித்தெடுத்தவர்களுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் கரிசல் மண்ணின் களிமமும் அடுக்குத் தாள்களால் ஆனதுதான். மழை பெய்தால் தாள்களுக்கிடையே நீர் புகுந்து மண் பொதும்பும், காலில் அப்பும். கோடையில் நீர் போய்விட, கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ஒரு மழை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பருத்தியும் உளுந்தும் விளைவது இந்த அமைப்பினால்தான். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த மண்ணோடு மல்லுக்கட்டி வருகிறது. திடநிலை வேதியியலுக்கு இதைவிடச் சிறந்த பாடநூல் வேறு எந்தப் பள்ளி வாசலில் கிடைக்கும்?

1940இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946இல் சர் பட்டம். இந்தப் பட்டியலை நான் விரைவாகக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் அவரும் அப்படித்தான் கடந்தார். விடுதலையை ஒட்டி, தில்லியில் அமையவிருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக நேரு அவரை அழைத்துக்கொண்டார். 1947 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1950 ஜனவரியில் ஆய்வகம் திறக்கப்பட்டது. நாட்டின் மீட்டரும் கிலோகிராமும் சரியா என்று சொல்லும் இடம் அது. இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவர் ஆய்வை விடவில்லை. வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடாகும் மெல்லிய கம்பியில் வெப்பம் எவ்வாறு பரவுகிறது என்பது போன்ற, பார்வைக்குச் சாதாரணமான கேள்விகளை எடுத்துக்கொண்டார். 1954இல் பத்மபூஷண். 1958இல் பட்நாகர் பரிசு நிறுவப்பட்டபோது அதன் முதல் விருதாளர் அவரே.

தமிழிலும் வடமொழியிலும் அவருக்கிருந்த புலமை விருந்தினர் முன் காட்டும் அலங்காரமாக இருக்கவில்லை. அறிவியலைத் தமிழில் எழுதினார், பேசினார். தாய்மொழியில் அறிவியலைச் சொல்ல முடியும் என்பது அவருக்கு விவாதப் பொருளே அன்று. சொல்லிக் காட்டினால் முடிந்தது. பேச்சில் கதைகள் கொட்டும். அவரைச் சந்தித்தபோதெல்லாம் ஏதேனும் ஒரு புதுக் கதையைக் கேட்காமல் திரும்பியதில்லை என்று நேரு நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கதைசொல்லி ஜார்ஜ் டவுனில் மதியப் பசியோடு வந்த மாணவர்கள் முன்னால் எப்படிப் பேசியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இப்போது நம் நிலைமைக்கு வருகிறேன். 2018இல் தொடங்கி மேல்நிலைப் பாடநூல்கள் புதுக்கப்பட்டன. வேதியியல் நூல் இரண்டு தொகுதிகளாகக் கனத்தது. உள்ளடக்கம் தரமானது, நான் குறை சொல்ல மாட்டேன். முன்பு இளநிலைப் பட்ட வகுப்பில் நடத்திய பகுதிகள் பல இப்போது பதினாறு வயதுப் பிள்ளையின் பையில் இருக்கின்றன. ஆனால் பை மட்டும் கனத்தால் போதுமா? கல்லூரி வேதியியல் பள்ளிக்கு வந்தபோது கல்லூரியிலிருந்து வராமல் போனது ஒன்று உண்டு: கிருஷ்ணன் வகித்த அந்தச் சிறிய பதவி. கல்லூரித் துறையில் பேராசிரியரும் இருப்பார், செய்முறை விளக்குநரும் இருப்பார். பள்ளியில் ஒரே முதுநிலை ஆசிரியர். பாடம், ஆய்வகம், விடைத்தாள், விலையில்லாப் பொருள்களின் பதிவேடு எல்லாம் அவர் தலையில். மதிய இடைவேளையில் அவர் கேள்விக்குப் பதில் சொல்வாரா, பதிவேற்றம் செய்வாரா?

இதோடு பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதிக்கும் பழக்கம் வேறு. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு உருப்போட வைத்த பள்ளிகள் பெருகியதால்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025இல் அது கைவிடப்பட்டது. தேர்வு பிள்ளைகளுக்குச் சுமை என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அணு அமைப்பும் சமநிலையும் கரிம வேதியியலின் அடிப்படையும் பதினொன்றில்தான் இருக்கின்றன. அதை விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குப் போகிற பிள்ளை, அடித்தளம் போடாமல் மாடி கட்டுகிறவனைப் போல் கல்லூரியில் போய்த் தடுமாறுகிறது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி நிலையங்கள் நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கும் வேகத்தைக் கற்பிக்கின்றன. மயில்துத்தத்தை ஒரு முறையேனும் சூடேற்றிப் பார்க்க அங்கே நேரமில்லை. பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளை அங்கே போகும். கரிசல் கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி ஆய்வகத்தை விட்டால் வேறு இடமில்லை. அந்த ஆய்வகம் பல ஊர்களில் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய மாதம்தான் முழுதாகத் திறக்கப்படுகிறது.

ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு செய்முறை விளக்குநர் பணியிடம் கேட்பது பேராசையாகத் தோன்றலாம். இந்த வட்டாரத்தில் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றுவிட்டு, தீப்பெட்டி ஆலையிலும் கடலைமிட்டாய்க் கடையிலும் கணக்கெழுதுகிற இளைஞர்களை எனக்குத் தெரியும். அவர்களுள் சிலர் என்னிடம் படித்தவர்கள். குழந்தைத் தொழிலாளர் நிலை இன்று பெருமளவு மாறிவிட்டது. விடியுமுன் வந்த அந்தப் பஸ்களில் போனவர்களின் பேத்திகள் இப்போது மேல்நிலை வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் குச்சித் தலையில் இருக்கும் மருந்துக்கும் நடுவே நின்று விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால், ஓராண்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கிருஷ்ணன் 1961 ஜூன் 14 அன்று தில்லியில் காலமானார். வயது 62. மறு ஆண்டு நடந்த மூன்றாவது பொதுத் தேர்தலில், வாக்களித்தவர்களின் விரலில் அழியா மை வைக்கும் வழக்கம் நாடெங்கும் வந்தது. அந்த மையின் செய்முறை அவர் கட்டி எழுப்பிய தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் வேதியியலார் உருவாக்கியது, தயாரிப்பு மைசூரில். அதன் உயிர் வெள்ளி நைட்ரேட்டு. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் குளோரைடைக் கண்டறிய, தயிர்போல் வெள்ளை வீழ்படிவு தரும் அதே கரைசல். செய்முறை முடித்துவிட்டு மறுநாள் கருத்த விரல்களோடு கலங்கி வந்து நின்ற மாணவிகளிடம், இது நீ பதினெட்டு வயதில் வைத்துக்கொள்ளப் போகிற மை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.